எண்ணெய் ஆய்வா, சிப் தொழிற்சாலையா?
மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் லேத் பட்டறையில் இருக்கும் அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, எந்தப் பக்கம் போகட்டும்?"

சிப் என்றால் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ், பாலத்தைத் தாண்டினால் வேலை. 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து அந்தத் திறமை பினாங்கில் ஊறிப்போயிருக்கிறது.

எண்ணெய் ஆய்வு என்றால் பேராக், ஸ்ரீ இஸ்கண்டார். அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் பல்கலைக்கழகம் 1997 முதல் அங்கேதான். கடலடி வால்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: உப்புநீர், அழுத்தம், ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். உலோகக்கலவையை ஆய்வகம் சோதிக்கும். கடைந்து கொடுப்பது இவனைப் போன்ற கைகள்தான். அந்த ஆர்டர் உள்ளூர்ப் பட்டறைக்கு வராவிட்டால் நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் ஆய்வால் நமக்கென்ன பயன்?

2014இல் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேலிருந்த எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே போனது. அந்தப் பயம் எனக்கு உண்டு. அதனால் சிப் பக்கமே போகச் சொன்னேன். அந்த மாதிரி வால்வுகளுக்கு ஆகும் நிக்கல் கலவை கடைவதையும் விடாமல் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.