தங்கையின் சிசேரியனும் நர்சம்மாவின் பதிவேடும்

பதினொரு ஆண்டுகளாக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாழும் நான், தங்கையின் இரண்டாவது பிரசவத்தை முன்னிட்டுச் சென்ற தை மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். எனக்கும் லெஸ்டரில் சிசேரியன்தான் நடந்தது என்பதால், மருத்துவர் எதைச் செய்கிறார், செவிலியர் எதைச் செய்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் எனக்கு இருந்தது.

இங்கிலாந்தில் கருவுற்றது முதல் நம்மைக் கவனிப்பவர் மிட்வைஃப் எனப்படும் பேறுகாலச் செவிலியர். சிக்கல் ஏதும் இல்லையென்றால் மருத்துவரைப் பார்க்காமலேயே பிள்ளை பெற்று வீடு திரும்பிவிடலாம். சிசேரியன் என்றால் அறுவையைச் செய்பவர் மகப்பேறு மருத்துவரே. ஆனால் மிட்வைஃபும் அரங்குக்குள் வருகிறார். முதுகில் ஊசி போட்டபோது என் தோளைப் பற்றியிருந்தவரும், மருத்துவர் எடுத்துக் கொடுத்த குழந்தையைத் துடைத்து, தையல் முடிவதற்குள் என் மார்பில் கிடத்தியவரும் அவர்தான்.

எங்கள் ஊரில் அந்த வேலை பல கைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது. முதல் கை, ஊரார் நர்சம்மா என்றழைக்கும் கிராம சுகாதாரச் செவிலியர். பன்னிரண்டு வாரத்துக்குள் பெயரைப் பதிந்து, அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கிக் கொடுத்தது, மாதந்தோறும் இரத்த அழுத்தமும் எடையும் பார்த்தது, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கு விண்ணப்பித்தது எல்லாம் அவரே. முதல் குழந்தை சிசேரியன் என்று கேட்டதுமே அட்டையின் மேல் சிவப்பு மையில் குறித்துவிட்டாராம். செவிலியர்களே சுகப்பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் தங்கைக்கு வேண்டாம், எந்நேரமும் அறுவைக்கும் இரத்தத்துக்கும் வசதியுள்ள சீமாங்க் மையத்துக்கே போக வேண்டும் என்பதை, டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

தழும்புள்ள கருப்பையோடு சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நான்கில் மூன்று பேருக்குக் கைகூடும் என்றும், இருநூறு பேரில் ஒருவருக்குத் தழும்பு கிழியலாம் என்றும் எனக்கு லெஸ்டரில் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெம்பில், தங்கையும் முயன்று பார்க்கலாமே என்று டாக்டரம்மாவிடம் வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கையின் முதல் அறுவையின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டார். அதைத் தந்திருந்த தனியார் மருத்துவமனை, 'சிசேரியன், பெண் குழந்தை, 2.9 கிலோ' என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. வெட்டு கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போடப்பட்டதா, மேல்நோக்கிப் போடப்பட்டதா, எதற்காக அறுவை செய்தார்கள் என்று எதுவும் தெரியாமல், இடைவெளியும் ஒன்றரை ஆண்டுக்குள் இருக்கும்போது வலி வரட்டும் என்று காத்திருக்க முடியாது என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அரைப் பக்கம் எழுதச் சோம்பியவர்களால் தங்கைக்கு ஒரு வழியே அடைபட்டுவிட்டது என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 64. இத்தனை பேர் தழும்போடு அடுத்த பிரசவத்துக்கு வரும் மாநிலத்தில் அந்தச் சீட்டை அலட்சியமாக எழுதலாமா?

அறுவை முப்பத்தொன்பதாம் வாரத்தில் எந்தச் சிக்கலும் இன்றி முடிந்தது. குறை ஒன்றுதான். ஒன்பது மாதம் பார்த்த நர்சம்மாவுக்கு அரங்கில் இடமில்லை. உள்ளே இருந்த எவரையும் தங்கைக்கு அதற்கு முன் தெரியாது. பணியிலிருந்த செவிலியர் குழந்தையைத் துடைத்து, அம்மாவின் பழைய நூல்புடவைத் துணியில் சுற்றி, மணிக்கட்டில் பட்டி கட்டி என் கையில் கொண்டுவந்து தந்தார். தாய்க்கு முன் பெரியம்மா தூக்கிவிட்டாள் என்று உறவினர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லெஸ்டரில் என்னை இரண்டாம் நாளே அனுப்பினார்கள். இங்கே ஏழு நாள் வைத்திருந்து, தையல் பிரித்து, 102 ஊர்தியில் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே நர்சம்மா வந்தார். தழும்பைப் பார்த்தார், பால் போதுகிறதா என்று கேட்டார், குழந்தையைத் துணியில் கிடத்தித் தராசில் மாட்டி எடை குறித்தார். பிறகு டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி, 'கீழ்ப்பகுதி, குறுக்கு வெட்டு' என்றிருந்த வரியையும் காப்பர்-டி வைத்த தேதியையும் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, "இதைத் தொலைச்சிடாத கண்ணு, ஆறு வாரம் கழிச்சு வரும்போது எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.