பேக்கர் விகிதம்: பிரெட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, கேக்குக்குக் கொஞ்சம் பார்த்து

மைதாவை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற சாமான்களை அதன் சதவீதமாக எழுதுவதுதான் பேக்கர் விகிதம். கூட்டினால் 100-ஐத் தாண்டும். முதலில் எல்லாரும் குழம்புவது இங்கேதான். பல வருடப் புழக்கத்தில் சொல்வதென்றால், பிரெட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

சாதாரண சாண்ட்விச் பிரெட்: மைதா 100, தண்ணீர் 62, சர்க்கரை 6, வெண்ணெய் 5, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1. மொத்தம் 176. தலா 450 கிராம் பிசைந்த மாவில் நான்கு பிரெட் வேண்டுமானால் 1800 கிராம். பாத்திரத்திலும் கையிலும் ஒட்டுவதற்கு 2 சதவீதம் சேர்த்து 1836. இதை 176-ஆல் வகுத்தால் 10.43. இனி ஒவ்வொரு எண்ணையும் இதால் பெருக்க வேண்டியதுதான்: மைதா 1043, தண்ணீர் 647, சர்க்கரை 63, வெண்ணெய் 52, உப்பு 21, ஈஸ்ட் 10 கிராம்.

கப் கணக்கில் இது நடக்காது. மைதாவைத் தளர்வாக நிரப்பினால் கப்புக்கு 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150. எட்டு கப்பில் 240 கிராம் வித்தியாசம் வந்துவிடும். தராசு கட்டாயம். ஒரே ஒரு பிரெட் என்றால் ஈஸ்ட் 2.6 கிராம்தான், அதைச் சமையலறைத் தராசு 2 என்றும் காட்டும், 3 என்றும் காட்டும். 0.1 கிராம் காட்டும் குட்டித் தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

பிசைந்த மாவின் அளவு கூடும்போது அதன் சூடும் சீக்கிரம் தணியாது, அதனால் வேகமாகப் பொங்கும். பிசைந்து முடித்ததும் மாவு 26, 27 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரை ஊற்றினால் அது நடக்காது, ஐஸ் தண்ணீர்தான். அப்படியும் வேகம் அடங்கவில்லை என்றால் ஈஸ்டைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். உப்பில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

கேக்கில் சிக்கல் டின்னில் ஆரம்பிக்கிறது. 6 இன்ச் வட்ட டின்னுக்கான கலவையை 8 இன்ச்சுக்கு மாற்றும்போது பலரும் இரண்டால் பெருக்குகிறார்கள். பரப்பளவு கூடுவதோ 1.78 மடங்குதான் (64-ஐ 36-ஆல் வகுத்துப் பாருங்கள்). மிச்சக் கலவை விளிம்பைத் தாண்டி வழிந்து, ஓடிஜியின் (வீட்டு மின்சார அவன்) கீழ்க் கம்பியில் விழுந்து கருகும். அந்தப் புகை வாசம் கேக்கிலும் ஏறும். 8 இன்ச் வட்டத்திலிருந்து 8 இன்ச் சதுரத்துக்குப் போனால் 1.27 மடங்கு.

மூன்று முட்டையை ஒன்றரை மடங்காக்கினால் நாலரை. ஐந்தையும் உடைத்து அடித்து, ஒன்றுக்கு 50 கிராம் கணக்கில் 225 கிராம் ஊற்றினால் போதும். மிச்சம் ஆம்லெட்டுக்கு.

நேரத்தையும் சூட்டையும் மட்டும் எந்த எண்ணாலும் பெருக்க முடியாது. 10 இன்ச் கேக்கை 180 டிகிரியில் வைத்தால் ஓரம் காய்ந்து, நடுவில் மேடு கட்டி வெடிக்கும், உள்ளே ஈரம் நிற்கும். 165-க்கு இறக்கி, 50 நிமிடத்திலிருந்து குச்சி குத்திப் பார்க்கத் தொடங்கலாம். தயிரும் சோடாவும் சேர்ந்த கலவை காத்திருக்காது. ஓடிஜியில் ஒரு டின்தான் பிடிக்கும் என்றால், இரண்டாவது டின்னுக்கான கலவையை முதல் கேக் வெளியே வரும் நேரத்தில்தான் கலக்க வேண்டும்.