ஒப்பினெல் எண் 8: சென்னைக் காற்றில் ஒரு மரப்பிடிக் கத்தி

மடக்குக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடுவது சென்னையில் அவ்வளவு பழக்கமில்லாத செயல். வீட்டில் அரிவாள்மனை இருக்கிறது. தெருவில் இளநீர்க்காரரும் மாங்காய் விற்பவரும் தத்தம் கத்தியோடு இருக்கிறார்கள். பிறகு நமக்கென்று ஒன்று எதற்கு என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரான்சு நாட்டு ஒப்பினெல் நிறுவனத்தின் எண் 8 கத்தியை, கார்பன் எஃகு அலகு கொண்ட வகையை, கத்திரி வெயிலிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரை அன்றாடம் கையாண்டிருக்கிறேன். அலகைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அதன் மரப்பிடிதான் இந்த ஊர்க் காற்றோடு ஒத்துப்போக அடம்பிடிக்கிறது.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவோய் பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் உழவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய கத்தி இது. 1897இல் இதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளாக வகுத்தார்கள். அவற்றுள் எண் 8, ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் அலகு உடையது. பெரும்பாலோர் கைக்குப் பொருந்துவதும் அதுவே. அலகில் பொறித்திருக்கும் முடிசூடிய கை 1909 முதல் இந்நிறுவனத்தின் அடையாளமாக இருந்துவருகிறது. அலகு, பீச் (beech) மரப்பிடி, தறையாணி, நிலையான ஒரு வளையம், அதன்மேல் சுழலும் இன்னொரு வளையம் என ஐந்தே உறுப்புகள். சுருள்வில் கிடையாது, திருகாணி கிடையாது. சுழலும் வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. அலகை விரித்து வளையத்தைத் திருகிவிட்டால், அழுத்தி நறுக்கும்போது அலகு மடங்கி விரலைப் பதம் பார்க்கும் அபாயம் இல்லை. இப்போது வரும் கத்திகளில் மடக்கிய நிலையிலும் வளையத்தைப் பூட்டலாம் என்பதால், பையில் கிடக்கையில் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற கவலையும் இல்லை.

அலகின் சிறப்பு அதன் மெலிவில் இருக்கிறது. முதுகுப்புறமே தடிமன் குறைவு. அங்கிருந்து விளிம்புவரை சீராக மெலிந்துகொண்டே போகிறது. தடித்த அலகுள்ள கத்திகள் கொய்யாவை நறுக்குவதில்லை, பிளக்கின்றன. இதுவோ விதைப்பகுதியைக் கலைக்காமல் ஊடுருவிச் செல்கிறது. கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டபோது, கீற்றின் மறுபக்கம் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக எடுக்க முடிந்தது. பார்சல் நாடா, அரிசி மூட்டையின் தையல், வாழைநார், பென்சில் ஆகியவற்றுக்கெல்லாம் இது தேவைக்கு மேற்பட்ட கூர்மை. இளநீரை மட்டும் இதனிடம் கொடுக்கக் கூடாது, முனை ஒடிந்துவிடும்.

கார்பன் எஃகின் குணம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. வாழைக்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை எப்படிக் கறுத்துப்போகுமோ, அப்படியே இதுவும் கறுக்கும். மாங்காய்ப் புளிப்புப் பட்ட சில நிமிடங்களில் அலகின்மீது நீலமும் சாம்பலும் கலந்த மேகம் போன்ற கறை படர்ந்தது. அடுத்தடுத்த பழங்களால் அது பரவி, இப்போது பளபளப்பின் சுவடே இல்லை. அந்தக் கறுப்புப் படலம் துருவைத் தடுக்க ஓரளவு உதவுவதால் அதைத் தேய்த்துப் போக்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்க நாள்களில் நறுக்கிய மாங்காயின் ஓரத்தில் இலேசான இரும்பு வாசனை வந்ததை மறைக்க விரும்பவில்லை. என் வீட்டில் அந்தத் துண்டுகளை என்னையே தின்னச் சொல்லிவிட்டார்கள்.

செந்நிறத் துரு வேறு கதை. ஈரத்தோடு மடக்கி வைத்தால் இந்த ஊரில் ஒரே இரவில் புள்ளி விழுகிறது. வியர்வையில் நனைந்த சட்டைப்பையே அதற்குப் போதும். எனக்குக் கத்தியை அனுப்பிய இணையக் கடைக்காரர், உறையில் எண்ணெய்த் தாள்கூடச் சுற்றாமல் அனுப்பியதால், திறந்தபோதே நுனியருகில் ஒரு புள்ளி இருந்தது. பயன்படுத்தியதும் துடைத்து, உண்ணும் பொருளில் பட்டாலும் தீங்கில்லாத தேங்காய் எண்ணெயை விரல்நுனியால் தடவிவிடுகிறேன். தையல் இயந்திர எண்ணெய் பழம் நறுக்கும் கத்திக்கு ஆகாது.

இனி மரத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில நாள்களிலேயே பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பி, அலகை இரு புறமும் நெருக்கிப் பிடித்துக்கொண்டது. அலகைத் திறக்க அதிலுள்ள நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் வலித்தது, அலகு அசையவில்லை. இதற்குச் சவோய் மக்களிடமே ஒரு வழி இருக்கிறது. வளையத்தின் பூட்டை விலக்கிவிட்டு, பிடியின் அடிப்புறத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால், அலகின் முனை விரலுக்குப் பிடி கிடைக்கும் அளவுக்கு வெளியே வரும். வீட்டில் இது வேடிக்கை. அலுவலக உணவுக்கூடத்தில், எதிரே அமர்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்கும்போது, அவ்வளவு வேடிக்கையாக இல்லை. மழை ஓய்ந்து மரம் காய்ந்தபின், அலகு உள்ள காடியை மெல்லிய உப்புத்தாளால் சற்று அகலப்படுத்தி, ஆளிவிதை எண்ணெயை ஊறவிட்டேன். இறுக்கம் பெருமளவு தளர்ந்திருக்கிறது. வரும் மழையில் என்ன செய்யும் என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும். துருப்பிடிக்காத எஃகு அலகு கொண்ட வகையை வாங்கினால் எண்ணெய் தடவும் வேலை மிச்சமாகுமே தவிர, பிடி அதே மரம் என்பதால் இந்தத் தொல்லை அப்படியே இருக்கும்.

சாணை பிடிக்க மிதிவண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டாம். அவருடைய திறமையில் ஐயமில்லை. வேகமாகச் சுழலும் சக்கரத்தின் சூட்டில் இத்தனை மெல்லிய அலகின் பதம் கெட்டுவிடும் என்பதே காரணம். நீரில் நனைத்துத் தேய்க்கும், 1000 என்ற சொரசொரப்பு எண் கொண்ட சாணைக்கல்லில் இருபுறமும் நிதானமாகத் தேய்த்தால் கூர் எளிதில் திரும்பிவிடுகிறது. கார்பன் எஃகை இன்னும் விரும்புகிறவர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் கூர்முனை ஆயுதங்களாக வகைப்படுத்துகின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் ஆனவற்றுக்கு அவற்றிலும் விலக்கு உண்டு. இந்தக் கத்தி அந்த அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதற்காக எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று பொருளில்லை: விமானத்தில் கைப்பையில் கூடாது, பதிவுசெய்யும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மெட்ரோவில் போகும் நாளில் நான் இதை வீட்டிலேயே விட்டுச் செல்கிறேன். நெரிசலான பேருந்தில் எதற்காகவும் இதைத் திறக்க வேண்டாம். மற்றபடி, மரப்பிடியின் எளிய தோற்றம் யாரையும் மிரளவைப்பதில்லை. பூங்காவில் பழம் நறுக்கும்போது அருகிலிருந்த பெரியவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, தாமும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிரான்சில் எளிய விலைக்கு விற்கும் இக்கத்தி இங்கே இறக்குமதிச் சரக்காக வரும்போது கணிசமாக ஏறிவிடுகிறது. பழமும் கல்லும் எண்ணெயுமாகப் பொழுதைக் கழிக்க விருப்பமுள்ளவர்கள் அந்த விலைக்கும் கார்பன் வகையை வாங்கலாம். துடைத்து வைக்கப் பொறுமையில்லாதவர்கள் துருப்பிடிக்காத வகையை எடுத்துக்கொள்வதே நல்லது. எதை வாங்கினாலும் கோடையில் வாங்குங்கள். மழை வருவதற்குள் பிடியில் எண்ணெய் ஊற நேரம் கிடைக்கும்.