மகளின் ஸ்பேசர்: லெஸ்டரில் 2 வருஷம், குன்னூரில் 3 வருஷம்

மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது இங்கிலாந்தில் உள்ள லெஸ்டருக்குக் குடிபோனோம். அங்கே நினைத்தவுடன் குழந்தை டாக்டரைப் பார்த்துவிட முடியாது. முதலில் வீட்டருகே உள்ள ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கில் பெயர் பதிய வேண்டும். பதிந்தும் இருமலுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நடுவில் ஒரு ராத்திரி வீசிங் அதிகமாகி அங்குள்ள மருத்துவ உதவி எண் 111-க்கு போன் போட்டேன். பதற்றத்தில் இங்கிலீஷ் வாயில் வரவில்லை. தமிழ் என்று சொன்னதும் மொழிபெயர்ப்பவரை லைனில் சேர்த்தார்கள். 16 வயதுக்குள் என்பதால் மருந்துக்குக் காசு இல்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது நர்ஸ் ஒருவர் ஒதுக்கிய அரைமணி நேரம். நீல இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழலில் மாட்டி, மாஸ்கை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்தி, ஒரு பஃப். வால்வு அசைவதைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். அடுத்த பஃப்புக்கு மறுபடியும் குலுக்க வேண்டும். என்னையே செய்யச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அனுப்பினார். எப்போது எத்தனை பஃப், எப்போது ஆஸ்பத்திரி என்று ஒரு தாளிலும் எழுதித் தந்தார்.

குன்னூரில் அந்தத் தாள்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. இங்குள்ள குழந்தை டாக்டர் அதைப் படித்துவிட்டு அதே முறையைத் தொடரச் சொன்னார். மருந்தின் பெயர் சால்புடமால் என்று எழுதியிருந்ததால் கம்பெனி மாறியும் குழப்பமில்லை. ஊர் திரும்புகிறவர்கள் இப்படி ஒரு தாளைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். இங்கே அவசரத்துக்கு மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு. மழையில் மண் சரிந்தால் ரோடே இருக்காது. பம்ப் கொடுத்தும் விலா உள்ளே இழுத்தாலோ, பேச மூச்சு பத்தாவிட்டாலோ உடனே 108 என்று அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பராமரிப்பில் ஒரு தப்பு செய்தேன். கழுவிய ஸ்பேசரைத் துண்டால் துடைத்தேன். தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். இப்போது சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே காயவிடுகிறேன். சாரல் காலத்தில் காய ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, அதனால் இரண்டு வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை புதிது வாங்குகிறோம். இங்கே சில நூறு ரூபாய்தான். ஐந்து வயதில் மாஸ்கைக் கழற்றிவிட்டோம்.

"பம்ப் பழகிடும், வேண்டாம்மா" என்று மாமியார் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரே அவரை உட்காரவைத்து, அது பழக்கமாகாது என்று விளக்கினார். போன மார்கழியில் நான் வேலையிலிருந்து வர நேரமாகிவிட்டது. பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பேசரைப் பிடித்துக்கொண்டு, விரல் மடக்கி மூச்சு எண்ணிக்கொண்டிருந்தார்.