கடலூர் முதுநகர் தார்பாய் கடையில் செய்த பைக் பை: மலேசிய மழையில் எப்படி இருந்தது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். பைக்கில் நீண்ட தூரம் போகிறவர்கள் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் கொட்டி, சீட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்குகிற சேடில் பேக் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கடலூர் முதுநகர் போய்ப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகிற பக்கம், லாரிக்குத் தார்பாய், படகுக்கு உறை, ஆட்டோவுக்கு டாப் எல்லாம் செய்துதருகிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, தார்பாய் கடை பாய் என்று டீக்கடையில் கேட்டாலே கை காட்டிவிடுவார்கள். அங்கே செய்த ஒரு ஜோடிப் பையை மாட்டிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை தனியாக பைக்கில் போய், ஒரு பங்க் ராக் (வேகமும் இரைச்சலுமான ராக் இசை) நிகழ்ச்சி பார்த்துவிட்டு வந்தேன். வழியில் மழை கொட்டித் தீர்த்தது. பைக்குள் இருந்த ஒரு துணிகூட நனையவில்லை.

பங்க் பார்க்க மலேசியாவா என்று வீட்டிலும் கேட்டார்கள், வேலை செய்யும் இடத்திலும் கேட்டார்கள். அங்கே பங்க் முப்பது வருஷத்துக்கு மேல் வேரூன்றிய விஷயம். கார்புரேட்டர் டங் என்கிற கோலாலம்பூர் இசைக்குழு 1991-ல் தொடங்கியது, அவர்கள் வழியாகத்தான் எனக்கு அந்த ஊர் பங்க்கே அறிமுகம். ஒலிப்பதிவு, கேசட், சட்டைக்கு அச்சு, நிகழ்ச்சி நடத்த இடம் என்று எல்லாவற்றையும் அங்கே பசங்களே கூடிச் செய்துகொள்கிறார்கள். கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கில் ருமா அப்பி என்று அவர்களே நடத்திய இடம் ஒன்று இருந்தது, 2015 ஆகஸ்டில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனது. அதற்குப் பிறகும் அந்த ஊரில் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. இதையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்து, ஒரு தடவையாவது நேரில் போய் நிற்க வேண்டும் என்று ஆசை ஊறிப்போயிருந்தது.

சரி, பை விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டில் வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. என்ன வண்டி கையில் கிடைக்கும் என்று கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது. கடைகளில் விற்கும் நல்ல பைகள் பெரும்பாலும் குறிப்பிட்ட வண்டிக்கு என்று கம்பி ஸ்டாண்டோடு வருபவை. கெட்டிப் பெட்டியாக இருந்தால் விமானத்தில் எடுத்துப் போவதற்குள் உயிர் போய்விடும். எனக்கு வேண்டியது மடித்துச் சூட்கேஸில் வைக்கிற மாதிரி, எந்த வண்டி சீட்டிலும் குறுக்கே போட்டுக் கட்டுகிற மாதிரி, மழைக்கு அசையாத ஒரு பை. இதைச் சொன்னதும் பாய் முதலில் கேட்ட கேள்வி, "சைலன்சர் எந்தப் பக்கம் தம்பி?"

சைலன்சர் சூடு பையில் படுமே என்றுதான் அந்தக் கேள்வி. எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன், யாரும் இதைக் கேட்டதில்லை. பெரும்பாலும் வலது பக்கம்தான் இருக்கும், ஆனால் எந்த வண்டி என்று தெரியாது பாய் என்றேன். அப்படியென்றால் இரண்டு பையும் இடம் மாற்றிப் போடுகிற மாதிரி இருக்கட்டும் என்று சொல்லி, இரண்டின் அடியிலும் உள்பக்கத்திலும் வெல்டிங் வேலைக்குப் போர்த்துகிற தீத்தடுப்புத் துணியை ஒரு அடுக்கு வைத்துவிட்டார். படகுக்கு வெல்டிங் நடக்கிற ஊர், அந்தத் துணி அவர் கடையிலேயே சுருட்டி வைத்திருந்தது.

அவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். லாரிக்குப் போடுகிற அதே பி.வி.சி. பூசிய கனமான தார்பாய்தான். "தைச்சா ஊசி போன இடமெல்லாம் ஓட்டை தம்பி. ஓட்டை இருந்தா தண்ணி வந்தே தீரும். மேல என்ன பசை தடவினாலும் ஒரு மழைக்குத்தான்," என்றார். அதனால் தண்ணீர் படுகிற ஒரு மூட்டிலும் தையல் கிடையாது. இரண்டு விளிம்பையும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் சூடான காற்றை ஊதுகிற துப்பாக்கியின் தட்டையான மூக்கை விட்டு, பூச்சு இளகுகிற நேரம் பார்த்து இன்னொரு கையால் ரப்பர் உருளையை அழுத்தி ஓட்டிக்கொண்டே போகிறார். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் பொசுங்கிக் கறுத்துவிடும், மீட்டர் கீட்டர் எதுவும் பார்ப்பதில்லை, பூச்சின் பளபளப்பு மாறுவதைக் கண்ணால் பார்த்தே கையை நகர்த்துகிறார். நாடாக்களை மட்டும் தைத்தார், அதையும் பையில் நேராகத் தைக்காமல் தனித் துண்டில் தைத்து, அந்தத் துண்டைப் பையின் மேல் ஒட்டினார். வாய்ப்பக்கம் ஜிப் வைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மூன்று மடிப்பு சுருட்டி இரண்டு ஓரத்திலும் பக்கிள் போடுகிற மாதிரிதான்.

முடித்ததும் ஒரு பக்கெட் தண்ணீரைப் பைக்குள்ளேயே ஊற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு, வாங்க டீ குடிக்கலாம் என்று கூட்டிப்போனார். திரும்பி வந்து பழைய தினத்தந்தித் தாளால் அடியையும் மூட்டுகளையும் ஒற்றிக் காட்டினார். தாள் காய்ந்தே இருந்தது. உள்ளிருந்து வெளியே போகாத தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வராது, இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும். ஜோடிக்கு 2,400 ரூபாய் வாங்கினார், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு தனி நாடாவும் சேர்த்து.

ஆவண வேலைகள் சுலபம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருஷத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும், நம் லைசன்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை, இணையத்தில் வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நமக்குத் தடுமாற்றம் இல்லை.

வாடகைக் கடையில் போட்டோவில் காட்டிய வண்டி ஒன்று, கையில் கொடுத்தது இன்னொன்று. பின்பக்கம் கேரியரே இல்லாத 250 சிசி வண்டி. கம்பி ஸ்டாண்டோடு வருகிற பை எடுத்துப் போயிருந்தால் அங்கேயே ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்க வேண்டியதுதான். பாய் செய்த பையைச் சீட்டுக்குக் குறுக்கே போட்டு நாடாவை அடியில் இழுத்துக் கட்டினேன், வேலை முடிந்தது.

இருசக்கர வண்டிக்குச் சுங்கம் இல்லாத நெடுஞ்சாலை அது, கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஒரே இழுப்பில் போய்விடலாம். நான் தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கேமரன் மலை ஏறினேன். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைவு வளைவாக ஏறுகிற சாலை. பை ஒரு பக்கமும் சரியவில்லை, வளைவில் சாய்க்கும்போது எடை மாறுகிற உணர்வே இல்லை. சிம்பாங் புலாய் வழியாக இறங்கி ஈப்போ தாண்டிய பிறகுதான் உண்மையான பரீட்சை. அந்த வழியில் வருகிற தைப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் ஒன்று. 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலைப் பார்த்தவன் நான், ஆனாலும் அந்த மழை கண்ணாடியில் அறைந்த விதத்தில் ரொம்ப நேரம் பாலத்துக்கு அடியில் ஒதுங்க வேண்டியிருந்தது. உள்ளூர் ஆட்களும் கப்சாய் என்கிற சின்ன வண்டிகளோடு வந்து நின்றார்கள். அதில் ஒரு அண்ணன் என் பையைப் பார்த்துவிட்டு, "லாரி தார்பாயா தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். கடலூர் என்றதும் அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய கதையைச் சொன்னார். எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்து நின்றுபோகும் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிக்கொண்டிருந்தது, அதில் வந்துபோனவர்கள் அவர் வீட்டிலேயே இருக்கிறார்களாம்.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது. கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும், பை அகலமாக இருந்தால் வண்டி அலையும். இந்தப் பை வண்டியின் உடம்போடு ஒட்டி நிற்பதால் அந்தத் தொந்தரவு குறைவு.

நிகழ்ச்சி பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். நூறு பேர் இருந்தாலே நிறைந்துவிடும் இடம். மேடை என்று உயரமாக எதுவும் இல்லை, பாடுகிற பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். ரமோன்ஸ் என்கிற அமெரிக்க பங்க் குழுவின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டு இருக்கிறது, எல்லாம் சேர்த்தே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேகத்தைக் காதில் கேட்பது வேறு, பக்கத்தில் நிற்கிறவன் வியர்வை நம் மேல் பட நெஞ்சுக்கூட்டில் வாங்குவது வேறு. மலாய் மொழியில் சம்பளத்தைப் பற்றி, போலீஸைப் பற்றி, வீட்டு வாடகையைப் பற்றிப் பாடினார்கள். கீழே விழுந்தவனை நாலு கை சேர்ந்து தூக்கிவிட்டது. இவ்வளவு நாள் ஆசைப்பட்டதற்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். காதுக்குப் பஞ்சு அடைப்பான் கட்டாயம் எடுத்துப் போங்கள், நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டுக்குள் வருகிற காற்று இரைச்சலுக்கும் அதுவே உதவும்.

ஒரு பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டுதான் மாடி ஏறினேன். வாசலில் கையால் அச்சடித்த துணி ஒட்டுகள் (பேட்ச்) விற்றுக்கொண்டிருந்த பையன் பையை வாங்கிப் பார்த்து, மூட்டுகளை நகத்தால் கீறிப் பார்த்து, எந்தக் கம்பெனி என்று கேட்டான். கம்பெனி இல்லை, எங்கள் ஊரில் ஒருவர் கையால் செய்தது என்றதும் அவன் முகத்தில் வந்த மரியாதையைப் பாய் பார்த்திருக்க வேண்டும். ஒட்டு ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தான். முதுநகர் பட்டறையில் இருக்கிற மனிதருக்கும் அந்த மாடியில் இருந்தவர்களுக்கும் அறிமுகமே தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. ஊருக்கு வந்ததும் அந்த ஒட்டைப் பாயிடமே கொடுத்துவிட்டேன், மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன தேதிக்குக் கிடைக்காது, மீன்பிடித் தடைக்காலத்தில் படகு உறை வேலை குவிந்துவிடுவதால் உங்கள் பை பின்னால் போய்விடும். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போய் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கிள் இந்த வேலைக்குப் போதாது, ஒன்று கேமரன் மலையிலேயே விரிசல் விட்டுவிட்டது, மீதித் தூரத்தை முடிச்சுப் போட்டுச் சமாளித்தேன். திரும்பி வந்து காட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் நாலையும் இரும்பு வளையமாக மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. உள்ளே தனி அறை எதுவும் இல்லாததால் சாவி, சார்ஜர் எல்லாம் அடியில் போய் ஒளிந்துகொள்ளும், ஒரு சின்ன உள்பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் தேட சுலபம், மஞ்சள் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், நீலம் என்றால் இருட்டில் ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும். பாதிப் பணம் முன்னால் கொடுக்க வேண்டும். முடிந்தால் வண்டியோடே போங்கள், சீட்டின் அகலத்தை அவரே முழம் போட்டு அளந்துகொள்வார்.