பழைய பாக்ஸ்ப்ரோ கணக்கு சாப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று 1,80,000 ரூபாய் சுருட்டிவிட்டார்கள், மண்டபம், பாம்பன் கம்பெனிக்காரர்கள் கவனம்

ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறான். வெளியூர் சின்ன சாப்ட்வேர் கம்பெனி ஒன்று. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் போடவில்லை.

எங்களுடையது மண்டபத்தில் மீன், எறால், கணவாய் எடுத்து அனுப்பும் கம்பெனி. போட்டுக்காரர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ், டீசல், ஐஸ், எடை, பிடித்தம் எல்லாம் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் பாக்ஸ்ப்ரோ 2.6-இல் இருக்கிறது. அது 16 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் மிச்சம், அதையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. கடைசியாக வந்த விஷுவல் பாக்ஸ்ப்ரோவையே மைக்ரோசாப்ட் 2015-இல் கைகழுவிவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி போட்டெல்லாம் கரையில் கிடந்தபோது அந்த சாப்ட்வேர் கம்பெனிக்காரன் நேரிலேயே வந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பில் கட்டைப் புரட்டினான். எறாலுக்கு கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை எறால்) பார்த்து விலை போடுவதை அப்பா ஒரே தடவைதான் சொன்னார், அப்படியே திருப்பிச் சொன்னான். "ஜாவா, சி ஷார்ப்லாம் பழசுண்ணே, ரஸ்ட்டுங்கிற புது லாங்குவேஜுல எழுதித் தர்றோம், இருபது வருசத்துக்குத் தொட வேண்டியதில்ல" என்றான். தராசில் நிற்கிற ஆளையே நம்பாத அப்பா, உள்ளே போய்த் தன் கையாலேயே பணத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

ஜூன் 14-உடன் தடை முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன பிறகுதான் சாப்ட்வேரே வந்தது. வந்த வாரமே பாக்கிக் கணக்கு பைசாவில் இடித்தது, அப்புறம் ரூபாயிலேயே இடித்தது. சென்னையில் வேலை பார்க்கும் தங்கை மகன் டேட்டாபேஸைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, பணத்தைப் போய் ஃப்ளோட்டுல வச்சிருக்காங்க" என்றான். ஃப்ளோட் என்றால் புள்ளி வைத்த எண்ணைத் தோராயமாக வைக்கிற முறையாம், அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராதாம். சி ஷார்ப்பில் பணத்துக்கென்றே டெசிமல் இருக்கிறது, ஜாவாவில் பிக்டெசிமல். ரஸ்ட்டில் அதை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பைசாவை முழு எண்ணாக வைக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

கேட்டால் முதலில் "டெவலப்பர் லீவு". அப்புறம் "உங்க பழைய டேட்டாதாண்ணே தப்பு". இத்தனை வருஷம் பைசா பிசகாத டேட்டா! கடைசியில், ரஸ்ட் தெரிந்த ஒரே பையன் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டானாம், அங்கே வேறு யாருக்கும் அதைத் தொடத் தெரியாதாம். சோர்ஸ் கோட், அதாவது அவர்கள் எழுதிய புரோகிராமின் மூலம், கேட்டால் "அது கம்பெனி சொத்து". அப்போது எங்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் யார் சொத்து?

ரஸ்ட்டை நான் குறை சொல்லவில்லை. 2015-இல்தான் 1.0 வந்தது, பிரவுசருக்குள்ளேயும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயும் நல்ல வேலை செய்கிறது. நாலைந்து ஸ்கிரீனும் ஒரு டேட்டாபேஸும் உள்ள மீன் கணக்குக்கு அது எதற்கு? ராமநாதபுரத்தில் விசாரித்தேன், ஜாவா, பைத்தான் என்றால் பையன்கள் கிடைக்கிறார்கள், ரஸ்ட் என்றதும் கும்பிடு போடுகிறார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. எந்த மொழி என்று அவன் சொல்வதற்கு முன்னால், அவன் ஓடிப்போனால் இந்தப் பக்கத்தில் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். சோர்ஸ் கோட் கைக்கு வராமல் கடைசித் தவணை கொடுக்காதீர்கள். ஒரு மாதமாவது பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி இரண்டு பாக்கியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பாக்ஸ்ப்ரோ டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களைத் தனியாக காப்பி எடுத்து வையுங்கள், நாங்கள் வைத்திருந்ததால்தான் இன்றைக்குப் பழைய கம்ப்யூட்டரிலேயே பில் போட முடிகிறது.