ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியோடு நான்கு வருடம்

காஃப்காவில் (சிஸ்டங்களுக்கு இடையே மெசேஜ்களைக் கடத்தும் மென்பொருள்) ஓடும் எங்கள் டேட்டாவுக்கு ஆவ்ரோ ஃபார்மட்டும் கான்ஃப்ளூயன்ட் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியும் பயன்படுத்தத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. ஸ்கீமா என்றால் ஒரு மெசேஜில் என்னென்ன ஃபீல்ட், எந்த டைப்பில் இருக்கும் என்ற வரையறை. ஆவ்ரோ அதன்படி டேட்டாவை எழுதும் முறை. ரெஜிஸ்ட்ரி அதன் ஒவ்வொரு வெர்ஷனையும் சேமித்து வைக்கும் இடம். அதற்கு முன், எந்த ஃபீல்ட் எந்த டேபிளில் போய் உட்காருகிறது என்ற மேப்பிங் எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில்தான். அதன் கடைசி காப்பி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ரெஜிஸ்ட்ரி வந்ததும் அந்தத் தேடல் நின்றது. ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் 5 பைட் இருக்கும்: முதல் பைட் 0, அடுத்த 4 பைட்டில் ஸ்கீமா ஐடி. எவ்வளவு பழைய மெசேஜ் ஆனாலும், எந்த ஸ்கீமாவில் எழுதியது என்று அந்த எண் சொல்லிவிடும்.

புது ஸ்கீமா பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கம்பாட்டிபிலிட்டி செட்டிங்கில்தான் அடி வாங்கினோம். நாமாக மாற்றாதவரை அது ‘பேக்வேர்ட்’, அதாவது புது ஸ்கீமாவால் பழைய மெசேஜைப் படிக்க முடிய வேண்டும். புது ஸ்கீமாவைக் கடைசி வெர்ஷனோடு மட்டுமே ஒப்பிடும். இதைச் சரியாகப் படிக்காமல் விட்டது எங்கள் தவறு. முதல் வெர்ஷனில் ‘பிராஞ்ச்_கோட்’ ஃபீல்ட் கிடையாது. இரண்டாவதில் டிஃபால்ட்டோடு (மெசேஜில் ஃபீல்ட் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) சேர்த்தோம். மூன்றாவதில், இப்போது எல்லாரும் அனுப்புகிறார்களே என்று டிஃபால்ட்டை எடுத்துவிட்டோம். இரண்டாவதோடு ஒத்துப்போனதால் ரெஜிஸ்ட்ரி தடுக்கவில்லை. சில மாதம் கழித்து டேட்டாவை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓடவிட்டபோது, முதல் வெர்ஷன் மெசேஜைத் தொட்டதுமே கன்ஸ்யூமர் (மெசேஜைப் படிக்கும் புரோகிராம்) விழுந்தது: அதில் அந்த ஃபீல்டும் இல்லை, கைகொடுக்க டிஃபால்ட்டும் இல்லை. அன்று மாலையே ‘பேக்வேர்ட் டிரான்சிட்டிவ்’ ஆக்கினோம். அது பழைய வெர்ஷன் அத்தனையோடும் ஒப்பிடும்.

இன்னொன்று. ரெஜிஸ்ட்ரிக்கு ஃபீல்டின் பெயரும் டைப்பும் தெரியும், பொருள் தெரியாது. சரக்கு எடையை ஒரு முறை கிலோவிலிருந்து கிராமுக்கு மாற்றினோம். அதே பெயர், அதே டபுள் (தசம எண்) டைப். எல்லாச் சோதனையும் பாஸ். ரிப்போர்ட்டில் எடை 1000 மடங்கு. மாதக் கணக்கு முடிக்க உட்கார்ந்தவர் இரண்டு நாள் வரிவரியாகச் சரிபார்த்துக் கண்டுபிடித்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதன்பின் ஒவ்வொரு ஃபீல்டின் ‘டாக்’ (விளக்கக் குறிப்பு) பகுதியிலும் அலகு என்ன, யார் பொறுப்பு, நல் (வெற்று மதிப்பு) வந்தால் என்ன பொருள் என்று எழுதியிருந்தால்தான் அப்ரூவல். ஆவ்ரோ இதைக் கட்டாயப்படுத்தாது. சிஐயில் (மாற்றம் வரும்போது தானாக ஓடும் சோதனை) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துத் தடுக்கிறோம். அலகு மாறினால் ‘வெயிட்_கிராம்’ என்று புது ஃபீல்டே வரும், பழையது தொடப்படாது. மேப்பிங் ஃபைல்களும் ஸ்கீமாவோடு அதே கிட் ரெப்போவில் (ஃபைல்களை மாற்ற வரலாற்றோடு வைக்கும் இடம்) இருக்கின்றன. இரண்டும் ஒரே ரிவ்யூவில் போகும்.

எக்செல் ஷீட்டில் இன்னும் இரண்டு டேபிளின் மேப்பிங் மிச்சம். அடுத்த மாதம் அவையும் ரெப்போவுக்கு வருகின்றன.